புயல்மீது போட்ட பழி

பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் உள்ள கால்வே அருங்காட்சியகத்தில் 1822இல் வரையப்பட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. கொந்தளிக்கும் கடலில் ஒரு கப்பல் தத்தளிக்கிறது. மேல்தளத்தில் பாய்மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்ட ஒரு மனிதர் புயலைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் க்ளோத்-ஜோசப் வெர்னே, பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சின் தலைசிறந்த கடல் ஓவியர். வரைந்தவர் அவருடைய பேரன் ஒராஸ் வெர்னே. தாத்தா இறந்ததும் பேரன் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1789இல். ஆகவே குடும்பத்தில் வழங்கிவந்த கதையைத்தான் ஒராஸ் வரைந்திருக்க முடியும். இதே போன்ற கதையை ஆங்கில ஓவியர் டர்னரும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். அதை அப்படியே நம்பும் ஆய்வாளர்கள் இன்று குறைவு.

கதை உண்மையோ பொய்யோ, பேரன் தாத்தாவை நிறுத்திய இடம் தவறு. ஜோசப் வெர்னேயின் பேர்பெற்ற புயல் ஓவியங்கள் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தவை அல்ல. அவற்றைப் பார்ப்பவர் காலடியில் மண்ணும் பாறையும் இருக்கின்றன. கப்பல் அதோ, சில பாகத் தொலைவில் உடைகிறது. நாம் இங்கே கரையில் நிற்கிறோம். கரையில் நிற்பவருக்கு விளைவு மட்டுமே தெரியும். நங்கூரம் போட்டது சரியா, பாயைச் சுருட்டியது காலத்திலா, பொழுது சாய்ந்த பிறகும் நிலத்தை நோக்கிக் கப்பலைச் செலுத்தச் சொன்னது யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சில மணி நேரம் முன்பே, கடலுக்குள்ளேயே முடிந்துபோயிருக்கும். மிஞ்சுவது காற்றும் அலையும் உயிர் தப்பியவர்களும்தான். அப்படிப் பார்த்தால் எல்லாப் பழியும் இயற்கையைத்தான் சேரும். பிரெஞ்சுக் கடல் ஓவியத்தின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை, இந்தப் பழி கைமாறிய வரலாறாகவே படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெர்னே 1714இல் அவிஞ்ஞோனில் பிறந்தார். இருபது வயதில் ரோமுக்குப் போனவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கினார். லியோன் நகரத்தவரான மங்ளார் என்ற கடல் ஓவியரிடம் தொழில் கற்றார். போப்பாண்டவரின் கடற்படையில் தலைவராக இருந்த அயர்லாந்துக்காரர் பார்க்கரின் மகள் விர்ஜீனியாவை 1745இல் மணந்தார். (இந்தப் பெயர் அவர் வாழ்வின் கடைசி ஆண்டில் வேறொரு வடிவில் திரும்பி வரும்.) இத்தாலியைச் சுற்றிப்பார்க்க வந்த ஆங்கிலச் செல்வந்தர்கள்தாம் அவருடைய முதல் பெரிய வாடிக்கையாளர்கள். யார், எந்த அளவில், எதைக் கேட்டார்கள் என்று அவர் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் பிழைத்து வந்து 1864இல் அச்சேறின. புயல் ஒன்று, அமைதியான கடல் ஒன்று, நிலவொளி ஒன்று என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் இணையாகத்தான் வாங்குவார்கள்: வரவேற்பறையின் ஒரு சுவரில் கப்பல் உடையும், எதிர்ச்சுவரில் மாலை வெயிலில் மீனவர்கள் வலை உலர்த்துவார்கள்.

இந்தப் புயல்களுக்கு ஓர் அச்சு உண்டு. ஒருபுறம் கறுத்த பாறை, அதன்மேல் கோட்டையோ கலங்கரை விளக்கமோ. மறுபுறம் மேகம் கிழிந்து ஒளி வழியும் வானம். நடுவில் பாய்மரம் முறிந்து சாய்ந்த கப்பல். கப்பலிலிருந்து பாறைக்கு இழுத்துக் கட்டிய ஒரு வடம், அதில் தொற்றிக்கொண்டு வரும் மனிதர்கள். முன்னால் மயங்கிக் கிடக்கும் பெண், அவளைத் தாங்குபவர்கள், கைகளை வானோக்கி உயர்த்துபவர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே சரக்கு மூட்டையையும் பெட்டியையும் அலையிலிருந்து இழுத்துக் கரைசேர்க்கும் ஆட்கள். இந்த மூட்டைக்காரர்களை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை. மயங்கிக் கிடப்பவளைப் பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

கப்பல் இத்தனை கிட்டத்தில் உடைவது நாடகத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாய்மரக் கப்பலுக்கு ஆழ்கடல் புயலைவிடக் கொடியது, காற்று தள்ளும் திசையில் இருக்கும் நிலம். நடுக்கடலில் பாயைக் குறைத்துக்கொண்டு காற்றோடு ஓடலாம், காத்திருக்கலாம். நிலத்தை நோக்கிக் காற்று அடிக்கும்போது ஓட இடம் இல்லை. எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து வெளியேற முயல வேண்டும். முடியாவிட்டால் நங்கூரத்தை நம்ப வேண்டும். நங்கூரம் இழுபட்டால் பாறைதான். மாலுமியின் உண்மையான அச்சத்தைத்தான் வெர்னே வரைந்தார். ஆனால் அந்த நிலத்துக்கு அவ்வளவு அருகில் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்த முடிவை அவர் வரையவில்லை. வரையவும் முடியாது, அது கரையிலிருந்து தெரியாது.

சட்டத்துக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் காலத்தில், 1681இல் வந்த கடல் சட்டம், கடலின் ஆபத்தால் நேர்ந்த இழப்பையும் தலைவனின் அல்லது மாலுமிகளின் தவறால் நேர்ந்த இழப்பையும் பிரித்தே பார்த்தது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்ளாவிட்டால் இரண்டாவது வகை இழப்புக்குக் காப்பீடு செய்தவர் பணம் தரவேண்டியதில்லை. கப்பல் முதலாளிகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு. அதே முதலாளிகளின் வீட்டுச் சுவரில் மாட்டத்தக்க கடலில் மட்டும் முதல் வகை இழப்புதான் நிகழ்ந்தது.

1753இல் வெர்னே பாரிஸ் திரும்பினார். பதினைந்தாம் லூயிக்காக பிரான்சின் துறைமுகங்களை வரையும் பெரும்பணி அவரிடம் வந்தது. 24 திட்டமிட்டு, 15 முடித்தார். அவை வேலையும் வணிகமும் நிறைந்த, பெரும்பாலும் தெளிவான பகல்கள். செத் துறைமுகத்தை மட்டும் கடற்பக்கத்திலிருந்து, கொந்தளிப்போடு வரைந்திருக்கிறார். மற்றபடி அரசுக்கு அமைதி, தனியாருக்குப் புயல் என்று தொழில் பிரிந்திருந்தது.

அந்தத் தனியார் வாடிக்கையாளர்களில் தத்துவவாதி தெனி திதரோவும் ஒருவர். லூவ்ர் அரண்மனையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த சலோன் கண்காட்சிகளைப் பற்றி அவர் எழுதிய விமர்சனங்களில் 1767ஆம் ஆண்டினது விசித்திரமானது. ஒரு பாதிரியாரோடு மலையும் கடலுமாய்ச் சுற்றித் திரிந்த அனுபவத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போய், அந்த இடங்கள் எல்லாம் வெர்னேயின் ஓவியங்கள் என்று பிற்பாடுதான் வாசகருக்கு உடைக்கிறார். அச்சமும் ஒரு வகை இன்பம் தரும், ஆனால் ஆபத்து நம்மைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று எட்மண்ட் பர்க் எழுதிய நூல் 1765இல்தான் பிரெஞ்சில் வந்திருந்தது. கரையில் நின்று பிறர் படும் பாட்டைப் பார்க்கையில் எழும் ஆறுதலைப் பற்றி ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் சொன்னதும் படித்தவர்களுக்கெல்லாம் பழக்கம். வெர்னேயின் பாறை விளிம்பு, இந்தக் கோட்பாட்டுக்காகவே செதுக்கப்பட்டது போல அமைந்துவிட்டது.

1768இல் திதரோ தமக்கென்றே ஒரு வெர்னே புயலை வரையச் சொல்லிப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு தமது பழைய அங்கியைப் பற்றி எழுதிய வேடிக்கையான கட்டுரையில், வீட்டுக்குள் புகுந்துவிட்ட ஆடம்பரங்களையெல்லாம் கடவுள் எடுத்துக்கொள்ளட்டும், அந்த ஓவியத்தை மட்டும் விட்டுவிடட்டும் என்று மன்றாடுகிறார். ஆடம்பரத்தைச் சாடும் தத்துவவாதி கடைசியில் கைவிட மறுப்பது, பிழைத்தவர்கள் வானத்துக்கு நன்றி சொல்லும் ஒரு கப்பற்சேதத்தை. அங்கே யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை.

இன்னொரு வாடிக்கையாளர் நமக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தவர். இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும் 1773ஆம் ஆண்டுக் கப்பற்சேத ஓவியத்தையும் அதன் இணையான அந்திக் காட்சியையும் அதே ஆண்டில் வாங்கியவர் ராபர்ட் கிளைவ். இளைஞனாக அவர் சென்னைக்கு முதன்முதலில் கப்பலேறியபோது கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி, மாதக்கணக்கில் அங்கே முடங்கிக் கிடந்தார். 1773இல் அவர் இந்தியாவில் சேர்த்த செல்வத்தைப் பற்றி ஆங்கில நாடாளுமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர் குற்றவாளி இல்லாத ஒரு பேரழிவைச் சுவரில் மாட்டிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

வெர்னேயின் கடைசி ஆண்டுக்கு வருவோம். பெர்னார்தேன் த சேன்-பியேர் எழுதிய ‘போல் எ விர்ஜினி’ நாவல் 1788இல் வெளிவந்து பிரான்சையே அழவைத்தது. மொரீஷியஸ் தீவில் வளர்ந்த விர்ஜினி, பிரான்சிலிருந்து ஊர் திரும்பும்போது கண்ணெதிரே தெரியும் கரைக்கு அருகில் சூறாவளியில் மூழ்கி இறக்கிறாள். 1789இல் வெர்னே அந்தச் சாவை வரைந்தார். இன்று அது ரஷ்யாவின் ஹெர்மிடாஜில் இருக்கிறது.

நாவலில் வரும் கப்பல் உண்மையானது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேன்-ஜெரான் 1744 ஆகஸ்டில், இரவில், மொரீஷியஸின் வடகிழக்கே பவளப்பாறையில் மோதி உடைந்தது. ஒன்பது பேர்தாம் பிழைத்தார்கள். ஆகஸ்டு அந்தத் தீவில் சூறாவளிக் காலமே அல்ல. பகலிலேயே நிலத்தைக் கண்டுவிட்டு, இரவைக் கடலில் கழிக்கலாம் என்று காத்திருந்து, பாறைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்ததில் நேர்ந்த சேதம் அது. நாவலாசிரியர் நிகழ்ச்சியை டிசம்பருக்கு, சூறாவளிப் பருவத்துக்கு நகர்த்தினார். ஓவியர்கள் நாவலைப் பின்பற்றினார்கள். கணிப்புப் பிழை கலையில் புயலாக மாறிவிட்டது.

அந்தக் கப்பலில், தீவின் ஆளுநர் லா பூர்தொன்னே நிறுவ நினைத்த சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்களும் வந்துகொண்டிருந்தன. இதே லா பூர்தொன்னேதான் 1746 செப்டம்பரில் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவர். நகரத்தைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் பூசல் மூண்டது. பேரம் நீண்டது, ஐப்பசி வந்துவிட்டது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் வேளையில் அங்கே நிற்கக் கூடாது என்பது இந்தக் கடற்கரையில் எந்தப் படகோட்டிக்கும் தெரியும். அக்டோபரில் அடித்த புயலில் பிரெஞ்சுக் கப்பல்கள் பல மூழ்கின, பல பாய்மரம் இழந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயல் உண்மை. கப்பல்களை அங்கே நிறுத்திவைத்தது இரண்டு அதிகாரிகளின் சண்டை. ஊர் திரும்பிய லா பூர்தொன்னேயை பஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். கற்பனைப் பெண் ஒருத்தியின் சாவு தலைமுறை தலைமுறையாக வரையப்பட்டது. சென்னைக் கடலில் செத்த ஆயிரம் பேருக்குப் பேர்பெற்ற ஓவியம் எதுவும் வாய்க்கவில்லை.

புரட்சிக்குப் பிறகு கடற்படையே ஓவியருக்கு எஜமானன் ஆயிற்று. லூயி-பிலிப் க்ரெப்பேன் 1806இல் வரைந்தது கடலாய்வாளர் லா பெரூஸின் பயணக் கப்பல்களைச் சேர்ந்த படகுகள் அலாஸ்காவில் அழிந்த காட்சி. 1786 ஜூலையில் குடா வாயிலின் ஓத நீரோட்டத்தில் சிக்கி 21 பேர் இறந்தார்கள். லா பெரூஸ் எச்சரிக்கையை எழுத்திலேயே கொடுத்திருந்தார், படகுகள் வாயிலுக்கு மிக அருகில் போய்விட்டன. ஓவியத்தில் தெரிவது வீரமும் பேரலையும்தான்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் தியோடோர் ஜெரிக்கோ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். உலகம் அறிந்த பிரெஞ்சுக் கப்பற்சேத ஓவியம் அவருடைய ‘மெதூசாவின் தெப்பம்’. ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம், ஏழு மீட்டர் அகலம். அதில் கப்பல் உடையவில்லை, பாறை இல்லை, கரை இல்லை, புயலும் இல்லை. அலை உயரமாக எழுகிறது, காற்று பாயைப் புடைக்கிறது, அவ்வளவுதான்.

புயல் இல்லாமல் போனதற்குக் காரணம், உண்மையில் புயல் இல்லை. நெப்போலியன் வீழ்ந்தபின் செனகலை ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள 1816 ஜூனில் நான்கு கப்பல்கள் புறப்பட்டன. தலைமைக் கப்பல் மெதூசாவின் தலைவர் ஷோமரே. அரச விசுவாசத்துக்காகப் பதவி பெற்றவர், இருபது ஆண்டுக்கு மேல் கடலில் பணியாற்றாதவர். ஜூலை 2 அன்று, பட்டப்பகலில், எல்லா வரைபடத்திலும் குறிக்கப்பட்டிருந்த ஆர்கேன் மணல்திட்டில் கப்பலை ஏற்றிவிட்டார். போதிய படகுகள் இல்லை. இருபது மீட்டர் நீளத்தில் பாய்மரத் துண்டுகளைக் கட்டித் தெப்பம் செய்து அதில் 147 பேரை ஏற்றினார்கள். ஆளுநரும் தலைவரும் படகுகளில் ஏறிக்கொண்டார்கள். படகுகள் தெப்பத்தைக் கரைக்கு இழுத்துச் செல்வதாகப் பேச்சு. கொஞ்ச நேரத்தில் வடங்கள் விடுபட்டன. பதின்மூன்று நாள் கழித்து ஆர்கஸ் கப்பல் தெப்பத்தைக் கண்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். இடைப்பட்ட நாட்களில் கலகமும் கொலையும் நடந்தன, பிணத்தைத் தின்னவும் செய்தார்கள்.

பிழைத்த மருத்துவர் சாவின்யியின் அறிக்கை அதே செப்டம்பரில் செய்தித்தாளில் கசிந்து அரசியல் பூகம்பம் ஆயிற்று. அவரும் பொறியாளர் கொரெயாரும் சேர்ந்து 1817இல் புத்தகம் எழுதினார்கள். ஷோமரேக்குக் கிடைத்தது மூன்றாண்டுச் சிறை.

ஜெரிக்கோ இந்த இருவரையும் தேடிப்போய்க் கேட்டார். பிழைத்திருந்த தச்சரைக் கொண்டு தெப்பத்தின் மாதிரியைச் செய்வித்தார். மருத்துவமனையிலிருந்து துண்டித்த கை கால்களைக் கொண்டுவந்து அழுகும் நிறத்தைப் பார்த்து வரைந்தார். வெளியே போகும் ஆசை வராமலிருக்கத் தலையை மழித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். வானத்தைப் பார்க்க ல ஆவ்ர் கடற்கரைக்குப் போனார். எந்தக் கணத்தை வரைவது என்பதில்தான் நெடுநாள் தடுமாறினார். கலகத்தையும் நரமாமிசத்தையும் மீட்புப் படகு நெருங்குவதையும் தனித்தனியாக வரைந்து பார்த்தார். கடைசியில் தேர்ந்தது, ஆர்கஸ் முதன்முதலில் அடிவானத்தில் தெரிந்து, இவர்களைக் காணாமலே மறைந்துபோன கணத்தை. கித்தானில் அந்தக் கப்பல் ஒரு புள்ளி. காற்று தெப்பத்தை அதற்கு எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது.

பார்வையாளரின் இடத்தை அவர் மாற்றியது இங்கேதான். தெப்பத்தின் முன்மூலை சட்டத்தைத் தாண்டி நம்மை நோக்கி நீள்கிறது. பிணங்கள் நம் பக்கமாகச் சரிகின்றன. உருவங்கள் ஆளைவிடப் பெரியவை. நிற்கப் பாறை எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. புயலை எடுத்துவிட்டதால் ஏன் என்ற கேள்வி எழுந்தே தீரும். 1819 சலோன் பட்டியலில் அதற்கு வைத்த பெயர் வெறும் ‘கப்பற்சேதக் காட்சி’. எந்தக் கப்பல் என்று பார்க்க வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துணியை வீசிக் கூவும் உடல்களின் கோபுரத்தில் உச்சியில் இருப்பவர் ஒரு கறுப்பர். செனகலை மீட்கப்போன கப்பல், அடிமை வணிகம் பற்றிய சண்டை ஓயாத ஆண்டுகள், கொரெயாரோ அடிமை முறையை எதிர்த்தவர். உச்சிக்கு யாரை ஏற்றுகிறோம் என்று தெரிந்தேதான் ஜெரிக்கோ ஏற்றியிருக்கிறார்.

லண்டனில் 1820இல் இந்த ஓவியத்தை ஏறத்தாழ 40,000 பேர் கட்டணம் கட்டிப் பார்த்தார்கள். டப்ளினில் கூட்டம் வரவில்லை. அதே கதையை நகரும் படத்திரையில், இசையோடு வேறொரு நிறுவனம் காட்டிக்கொண்டிருந்தது, ஊர் அங்கே போயிற்று. 1824இல் ஜெரிக்கோ 32 வயதில் இறந்த பிறகே லூவ்ர் அதை வாங்கியது.

அவருக்கு மாதிரியாகத் தெப்பத்தில் குப்புறக் கிடந்து காட்டிய இளைஞர் தெலக்ருவா, 1840இல் பைரனின் கவிதையை ஒட்டி ‘தோன் ஹுவானின் கப்பற்சேதம்’ வரைந்தார். படகில் யாரைத் தின்பது என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். அங்கேயும் புயல் இல்லை. ஆனால் அரசு ஆதரித்தது பழைய வழியைத்தான். 1830இல் க்ரெப்பேனும் தியோதோர் குதேனும் கடற்படை ஓவியர் பட்டம் பெற்றார்கள். குதேனின் ‘கென்ட்’ 1825இல் பிஸ்கே விரிகுடாவில் எரிந்த ஆங்கிலக் கப்பலைக் காட்டுகிறது. வங்காளத்துக்குப் படையினரை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பல், சரக்கறையில் மதுப் பீப்பாய்களைச் சரிபார்க்கையில் கைதவறிய விளக்கால் தீப்பற்றியது. எஜேன் இசபே 1865இலும் ‘எமிலி’ கப்பலின் சாவை நுரையும் சிதறலுமாக வரைந்துகொண்டிருந்தார். கண்ணைப் பறிக்கும் தூரிகை. எனக்கு அதில் நாடகக் கொட்டகை வாசனைதான் அடிக்கிறது.

அதற்குள் புயலின் நிலையே மாறிவிட்டது. கிரீமியப் போரின்போது 1854 நவம்பர் 14 அன்று கருங்கடலில் அடித்த புயலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் நான்காம் ஹென்றி அழிந்தது. அந்தப் புயல் எங்கிருந்து வந்தது என்று கண்டறிய வானியலாளர் ல வெரியேயிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து பதிவுகளைத் திரட்டியவர், புயல் நாள்தோறும் இடம்பெயர்ந்து வந்ததை நிறுவினார். தந்திக் கம்பி வழியாக முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும். 1855 பிப்ரவரியில் கிரீமியாவுக்குப் படை ஏற்றிச் சென்ற செமியாந்த் கப்பல் கார்சிகாவுக்குத் தெற்கே பாறையில் மோதி, ஏறத்தாழ 700 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1863 முதல் பாரிஸ் வானாய்வகம் அன்றாட வானிலை வரைபடம் வெளியிட்டது. 1865இல் கடலில் சிக்கியவர்களை மீட்கும் நாடளாவிய சங்கம் பிறந்தது. எச்சரிக்கை தரக்கூடிய புயலைத் தெய்வச் செயல் என்று தள்ளிவிட முடியாது. எச்சரித்தார்களா, கேட்டார்களா என்று விசாரிக்க வேண்டியிருந்தது. கப்பற்சேதம் விசாரணை அறிக்கைகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் உரியதாயிற்று.

குஸ்தாவ் கூர்பே 1869 கோடையில் நார்மண்டியின் எத்ரத்தா கடற்கரையில் தங்கியபோது புயல் அடித்தது. அடுத்த ஆண்டுச் சலோனுக்கு அவர் அனுப்பிய ‘கொந்தளிக்கும் கடல்’ ஓவியத்தில் இரண்டு படகுகள் மணலில் பத்திரமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கடலில் மூழ்க எதுவும் இல்லை. அதே காலத்தில் அவர் திரும்பத் திரும்ப வரைந்த அலைகள் பலவற்றில் படகுகூட இல்லை. கத்தியால் அப்பிய கனத்த வண்ணத்தில் ஓர் அலை எழுந்து, பச்சை இருள் உள்ளே தெரிய, உடையப் போகிறது. உயிர் தப்பியவர்களோ மூட்டை இழுப்பவர்களோ வானத்துக்குக் கையுயர்த்துபவர்களோ அங்கே கிடையாது.

க்ளோத் மோனே 1886 செப்டம்பரில் பிரான்சின் பிரித்தானி வட்டாரக் கரைக்கு அப்பாலுள்ள பெல்-ஈல் தீவுக்குச் சில வாரம் தங்கலாம் என்று போய், நவம்பர் வரை இருந்துவிட்டார். அக்டோபர்ப் புயல்களில் ஓவியத் தாங்கியைக் கட்டிவைத்துக்கொண்டு பாறைமேலிருந்தே வரைந்தார். பொருள்களைச் சுமந்து உதவிய பொலி என்ற உள்ளூர் மீனவரின் முகத்தைத் தனியாக ஒரு கித்தானில் தீட்டினார். புயல் கித்தான்களில் பாறையும் நுரையும் மட்டுமே இடம்பெற்றன.